3.4 மீட்டர் என்றால் எத்தனையாவது படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிற்றாற்றின் நீர்வடிப்பகுதியில், அதாவது பெய்யும் மழை அந்த ஆற்றுக்கே வடிந்து வரும் நிலப்பரப்பில், வேலை செய்யும் தன்னார்வலர் குழு நீங்கள். மழை, ஆற்று நீர்மட்டம், நீரின் தரம், நிலத்தடி நீர் என நான்குக்கும் அரசுத் துறைகளின் தரவு இணையத்தில் இருக்கிறது. ஆனால் கரையோர மக்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவர்களிடம் கொண்டுசேர்க்க ஓர் இணையக் கருவி செய்ய நினைக்கிறீர்கள். வரைபடமா, எல்லா எண்களும் ஒரே திரையில் தெரியும் டாஷ்போர்டா, கைபேசிச் செயலியா, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றையும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். முதலில் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், நீர்மட்டம் பார்க்க ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலின் எண். வலப்பக்கம், ஆறு அந்த எண்ணைத் தொடும்போது தரையில் என்ன நடக்கிறது என்ற குறிப்பு. 2.1 மீட்டர்: கரைப் படிக்கட்டின் கடைசிப் படி மூழ்கும். 2.8: தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும், இருசக்கர வண்டி போகாது. 3.4: தாழ்வான தெருவின் முதல் வீட்டு வாசல். 4.0: மின்மாற்றி நிற்கும் மேடை. இந்த எண்களை நான் சும்மா உதாரணத்துக்குத்தான் எழுதினேன், உங்கள் ஆற்றுக்கு வேறு எண்கள் வரும். பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். ஆனால் உங்கள் கருவியில் மக்கள் திரும்பத் திரும்ப வந்து பார்க்கப்போவது இதைத்தான். எந்தத் துறையின் சர்வரிலிருந்தும் இறக்கிக்கொள்ள முடியாததும் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. ஆற்று நீர்மட்டம் அளக்கும் நிலையங்களுக்கான அதன் இணையப் பக்கங்கள் பலவற்றில் நீர்மட்டக் கோட்டுப்படத்துக்குப் பக்கத்திலேயே வெள்ள பாதிப்புகள் என்றொரு பட்டியல் இருக்கும். இத்தனை அடியில் இந்தப் பூங்கா மூழ்கும், இத்தனை அடியில் இந்தச் சாலை மூடப்படும், இத்தனை அடியில் வீடுகளுக்குள் தண்ணீர் நுழையும் என்று வரி வரியாக எழுதியிருப்பார்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வேறொரு வழி பிடித்திருக்கிறது. நீர்மட்ட எண்ணுக்குப் பக்கத்தில் அந்த இடத்தின் வழக்கமான ஏற்ற இறக்க வரம்பையும் தருகிறது. வெறும் 1.62 என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. வழக்கமாக 0.3 முதல் 1.1 வரை இருக்கும் இடத்தில் இப்போது 1.62 என்றால் யாருக்கும் விளங்கும்.

அளவுகோலைப் பற்றி ஒரு விஷயத்தை நீங்களே முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். அளவுகோல் 3.4 மீட்டர் காட்டினால் ஆறு 3.4 மீட்டர் ஆழம் ஓடுகிறது என்று பொருள் கிடையாது. அளவுகோலின் பூச்சியத்தை எங்கே வைத்தார்களோ அதற்கு மேலே 3.4 மீட்டர், அவ்வளவுதான். பூச்சியம் ஆற்றின் அடியிலும் இருக்கலாம், அதற்கும் கீழேயும் இருக்கலாம். அதனால் மேலே ஒரு நிலையத்தில் 5 என்றும் கீழே ஒரு நிலையத்தில் 2 என்றும் காட்டுவதை ஒப்பிட்டு, கீழே தண்ணீர் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் இணையப் பக்கத்தில் இரண்டு நிலையங்களின் எண்களை அருகருகே போட்டால், பார்ப்பவர்கள் ஒப்பிடத்தான் செய்வார்கள். தனித்தனியாகப் போடுங்கள், அல்லது வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று மாற்றிப் போடுங்கள்.

இனி அந்த நோட்டின் வலப்பக்கத்தை யார் நிரப்புவது? கரையில் இருப்பவர்கள். தரைப்பாலத்தில் எப்போது தண்ணீர் ஏறும் என்பது அந்த வழியே தினமும் பால் ஏற்றிப் போகிறவருக்குத் தெரியும், பொறியாளருக்குத் தெரியாது. பழைய வெள்ளத்தின்போது எடுத்த கைபேசிப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். படம் எடுத்த தேதியும் நேரமும் அதிலேயே பதிந்திருக்கும். அதே நேரத்துக்கு நிலையத்தின் பழைய தரவில் நீர்மட்டம் என்ன என்று பார்த்தால் ஒரு வரி கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய படத்தில் அந்தத் தேதி அழிந்திருக்கும், ஆகவே எடுத்தவரிடமே மூலப்படத்தைக் கேளுங்கள். நிலையம் பல கிலோமீட்டர் மேலே இருந்தால், அங்கே ஏறிய தண்ணீர் உங்கள் இடத்துக்கு வந்துசேர எத்தனை மணி நேரமாகிறது என்பதையும் இதே படங்களிலிருந்து ஓரளவு கணித்துவிடலாம். மக்களுக்கு எண்ணைவிடவும் அந்த மணிக்கணக்குதான் பெரிது. மாட்டை அவிழ்க்க, வண்டியை மேட்டுக்கு ஏற்ற, மோட்டாரைக் கழற்ற நேரம் இருக்கிறதா என்பதுதானே அவர்கள் கேட்பது.

நினைவுக்கும் ஓர் எல்லை உண்டு. 2008 ஜூன் 13 அன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சீடார் ரேப்பிட்ஸ் நகரத்தில் சீடார் ஆறு 31.12 அடியைத் தொட்டது. அதற்கு முன் பதிவாகியிருந்த உச்சமே 20 அடிதான். 20 அடிக்கு மேல் எந்தத் தெருவுக்கு என்ன ஆகும் என்று சொல்ல ஊரில் ஒருவர்கூட இருக்க வாய்ப்பில்லை, யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டே, 2009-இல், அந்த மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் ஐயோவா வெள்ள மையம் தொடங்கியது. பாலங்களின் அடியில் ஒலியலை அனுப்பித் தண்ணீருக்கும் பாலத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கும் மலிவான உணரிகளைப் பொருத்தினார்கள். சூரிய மின்தகட்டில் ஓடுபவை அவை. கூடவே, ஆறு அரை அடி அரை அடியாக உயர்ந்தால் எந்தெந்தத் தெரு நனையும் என்று பல ஊர்களுக்கு வரைபடம் செய்து, எல்லாவற்றையும் ஓர் இணையப் பக்கத்தில் வைத்தார்கள். நகர்த்தியை மேலே தள்ளினால் நீலம் பரவும். உங்கள் நோட்டிலும் மக்கள் நினைவு முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் இருப்பதெல்லாம் கணக்கு, கண்ணால் கண்டதில்லை என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டுவது நேர்மையில்லை.

சரி, தரவு. எதை எங்கே எடுப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் புவியியல் ஆய்வு நிறுவனம் 1889-இல் ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் எம்புடோ என்ற இடத்தில் தன் முதல் ஆற்று அளவு நிலையத்தை வைத்தது. இன்று அப்படி 8,000-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். அதே நிறுவனத்தின் வாட்டர்அலர்ட் சேவையில், இந்த நிலையத்தில் நீர்மட்டம் இவ்வளவைத் தாண்டினால் எனக்குச் சொல் என்று பதிந்துவைத்தால் கைபேசிக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும். கருவிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. இதில் வரைபடமும் கிடையாது, வண்ணமும் கிடையாது. தேவையான நேரத்தில் ஒரு வரி வரும், மற்ற நாட்களில் தொந்தரவு தராது.

எல்லா இடத்திலும் கதவு இப்படித் திறந்திருப்பதில்லை. இந்தியாவில் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களின் நீரோட்டத் தரவு எல்லை கடந்த ஆறுகள் என்ற காரணத்தால் பொதுவெளிக்கு வராது, தனியாக அனுமதி கேட்க வேண்டும். உலகளாவிய நீரோட்டத் தரவு மையம் என்று ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் ஒன்று 1988 முதல் இயங்குகிறது. ஆராய்ச்சிக்குப் பொக்கிஷம்தான், ஆனால் நேற்றைய நீர்மட்டம் அங்கே கிடைக்காது. இப்படித் தரை நிலையத் தரவு இல்லாத இடங்களில் செயற்கைக்கோள் கைகொடுக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் செய்த உலக மேற்பரப்பு நீர் வரைபடம், 1984 முதல் எடுத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அடுக்கி, ஒவ்வொரு 30 மீட்டர் சதுரத்திலும் எத்தனை காலம் தண்ணீர் நின்றது என்று காட்டுகிறது. ஒரு குளம் எந்த ஆண்டிலிருந்து வற்றத் தொடங்கியது என்பதை ஊர்க்கூட்டத்தில் திரையில் காட்டிப் பாருங்கள், பேச்சு தானாகக் கிளம்பும். கூகுளின் ஃப்ளட் ஹப், ஐரோப்பாவின் குளோஃபாஸ் இரண்டும் வெள்ள முன்கணிப்புகளைத் தருகின்றன. பெரிய ஆறுகளுக்கு இவை உதவும். உங்களுடையதைப் போன்ற, இரண்டு மணி நேரத்தில் பொங்கி வடிந்துவிடும் சிற்றாறுகளுக்கு இவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

மேலே அணை இருந்து அதன் தரவு வெளியாகாவிட்டால்? மீகாங் ஆற்றில் இதே சிக்கல்தான். 2020 டிசம்பரில் தொடங்கிய மீகாங் அணைக் கண்காணிப்புத் திட்டம், செயற்கைக்கோள் படங்களில் நீர்த்தேக்கங்களின் பரப்பை அளந்து, எவ்வளவு தேக்கினார்கள், எவ்வளவு திறந்தார்கள் என்று கணக்கிட்டு வாரந்தோறும் வெளியிடுகிறது. மேகம் மூடிய மழைக்காலத்தில் ரேடார் படங்களைப் பயன்படுத்துகிறார்கள். அணைக்காரர் சொல்லாததை வானிலிருந்து பார்த்துக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்கிற வேலை. இதற்கு நிபுணர்கள் வேண்டும், உங்கள் குழுவே இதில் இறங்க வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்திருப்பது, அலுவலகத்தில் போய்த் தரவு கேட்கும்போது பேச்சுக்கு வலு சேர்க்கும்.

வரைபடத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று தெரியும். நீர்வடிப்பகுதியின் எல்லையை அழகாக வரைந்து, அதற்குள் நிலையங்களைப் புள்ளியிட்டு வைப்பீர்கள். பார்ப்பவருக்கு அந்த எல்லை ஒன்றும் சொல்லாது. யாரும் தன்னை இன்ன நீர்வடிப்பகுதிக்காரன் என்று நினைப்பதில்லை. முகவரியில் அது இல்லை, வாக்காளர் பட்டியலில் இல்லை. துறைகள் அதற்குத் தரும் பெயரோ எட்டு இலக்க, பன்னிரண்டு இலக்க எண். ஆகவே எல்லையிலிருந்து தொடங்காமல் அவரவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள். இங்கே விழும் மழை எந்த வழியாக எங்கே போகிறது? என் வாசலுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விரலால் தொட்டால் பதில் வர வேண்டும். ரிவர் ரன்னர் என்றொரு இணையப் பக்கம் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு செய்தது. ஓரிடத்தைத் தொட்டால் ஒரு மழைத்துளி அங்கிருந்து ஓடை, கிளையாறு, ஆறு என்று கடல்வரை போவதைப் பறவைப் பார்வையில் காட்டும். அதில் பயனுள்ள தரவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனாலும் குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை விடாமல் தட்டிக்கொண்டிருப்பார்கள், ஐந்து நிமிடத்தில் நீர்வடிப்பகுதி என்ற சொல் இல்லாமலே அந்தக் கருத்து மண்டையில் ஏறிவிடும். இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவில் ஸ்ட்ரீம்ஸ்டாட்ஸ் இருக்கிறது. ஆற்றில் ஓரிடத்தைத் தொட்டால் அதற்கு மேலே தண்ணீர் வடியும் பரப்பு முழுவதையும் வரைந்து கொடுக்கும்.

மற்ற நாடுகளில் இதற்கு, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று உலகம் முழுக்கக் கணக்கிட்டு வைத்திருக்கும் ஹைட்ரோஷெட்ஸ் தரவை எடுத்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீங்களே செய்யலாம். இரண்டும் இலவசம். ஆனால் கவனம். ஹைட்ரோஷெட்ஸ் தரவுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்த தரை உயரம். அந்த ரேடாருக்கு அடர்ந்த மரத்தின் உச்சியும் தரை மாதிரிதான். அடிப்படைக் கட்டத்தின் அகலம் சுமார் 90 மீட்டர். மலைச்சரிவில் இது அருமையாக வேலை செய்யும். சமவெளியிலோ, ஒரு மீட்டர் உயர வித்தியாசம்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அங்கே இந்தத் தரவு துணிந்து பொய் சொல்லும். வாய்க்கால், கரை, சாலைக்கு அடியில் போகும் குழாய், புதிதாக மேடாக்கிய மனை எதுவும் அதில் இருக்காது. கணினி வரைந்த கோட்டை அச்செடுத்துக்கொண்டு, ஒரு நல்ல மழை நாளில் குடையோடு நடந்து பாருங்கள். எந்தச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பென்சிலால் திருத்துங்கள். இரண்டு மழைக்குப் பிறகு உங்களிடம் இருக்கும் வரைபடம் எந்தத் துறையிடமும் இருக்காது. திருத்தியதை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினால் பிறருக்கும் போய்ச்சேரும்.

நீரின் தரம்தான் இருப்பதிலேயே சிக்கலான பகுதி. பலர் இதில் அவசரப்பட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டம் போட்டுவிடுகிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அமெரிக்காவின் வரம்பு 10 மில்லிகிராம். அமெரிக்கா ஐந்து மடங்கு கண்டிப்பு என்று தோன்றும். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. முதல் எண் நைட்ரேட் முழுவதையும் எடை போடுகிறது, இரண்டாவது அதிலுள்ள நைட்ரஜனை மட்டும். 50 மில்லிகிராம் நைட்ரேட்டில் நைட்ரஜன் 11.3 மில்லிகிராம். இரண்டு துறைகளின் தரவை எடுத்து அட்டவணையின் ஒரே நெடுவரிசையில் கொட்டினால், நல்ல கிணறு கெட்டதாகவும் கெட்ட கிணறு நல்லதாகவும் மாறிவிடும். அலகுப் பெயரை முழுதாகப் படிக்காமல் எந்தத் தரவையும் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று நேரம். தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈகோலை நுண்ணுயிரை வழக்கமான முறையில் வளர்த்து எண்ண 18 முதல் 24 மணி நேரம் ஆகும். மாதிரியை எடுத்துப்போக, முடிவைப் பதிவேற்ற என்று அதற்கு மேலும் இழுக்கும். உங்கள் பக்கத்தில் ‘இன்று குளிக்கலாம்’ என்று பச்சையில் எழுதியிருந்தால் அது நேற்றையோ முந்தாநாளோ எடுத்த தண்ணீரைப் பற்றியது. இடையில் மழை பெய்திருந்தால் கதையே வேறு. மாதிரி எடுத்த நாளை முடிவுக்குச் சமமான பெரிய எழுத்தில் போடுங்கள். அளக்காத இடத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டி, தரவு இல்லை என்று சொல்லால் எழுதுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ‘எப்படி இருக்கிறது என் நீர்நிலை’ பக்கம் இதில் ஒழுங்கு. ஊர்ப் பெயரையோ முகவரியையோ கொடுத்தால் அருகிலுள்ள நீர்நிலைகளைக் காட்டும். நீந்தலாமா, மீன் சாப்பிடலாமா, குடிநீர் எப்படி என்று மனிதர்கள் கேட்கிற மாதிரியே கேள்விகளைப் பிரித்திருக்கிறார்கள். ஆய்வு செய்யாத நீர்நிலையை ஆய்வு செய்யவில்லை என்றே காட்டுகிறார்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு பச்சை பிரித்தறியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், தங்களுக்கு அப்படி இருப்பது அவர்களில் பலருக்கே தெரியாது.

இங்கிலாந்தில் கழிவுநீர் விவகாரம் வேறொரு பாடம். பெருமழையில் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பினால் சுத்திகரிக்காமலே ஆற்றில் திறந்துவிடும் வாய்கள் அங்கே உண்டு. எந்த வாய் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்ற ஆண்டுத் தரவை ரிவர்ஸ் டிரஸ்ட் அமைப்பு வரைபடமாக்கியது. அலுவலகக் கோப்பில் தூங்கிய எண்கள் வீட்டுப் பக்கத்து ஓடையாக உருமாறியபோது மக்கள் கொதித்தார்கள். 2021 சுற்றுச்சூழல் சட்டம், திறந்த ஒரு மணி நேரத்துக்குள் தகவலை வெளியிட வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கருவிகள் திறப்பையும் கால அளவையும் மட்டுமே பதிகின்றன, எவ்வளவு கழிவு போனது என்பதைச் சொல்வதில்லை. பத்து மணி நேரம் கசிந்த வாயைவிட ஒரு மணி நேரம் பீறிட்ட வாய் மோசமாக இருக்கக்கூடும். தரவு எதை அளக்கவில்லை என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டால், நாளைக்கு எதிர்த்தரப்பு அதைக் கிளப்பி உங்கள் பேச்சு முழுவதையும் கவிழ்க்க முடியாது.

மக்கள் தாங்களே அளப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் உங்கள் கருவி ஓராண்டுகூடத் தாங்காது என்று நினைக்கிறேன். 1997 ஜூலை இறுதியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பெருமழை. ஐந்து பேர் இறந்தார்கள். ஒரே நகரத்தில் ஒரு பக்கம் ஓர் அடிக்கும் மேல் மழை, இன்னொரு பக்கம் சுமாரான மழைதான். இருந்த சில மழைமானிகளுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. மறு ஆண்டே வீட்டுத் தோட்டங்களில் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் மழைமானியை வைத்துத் தினமும் காலையில் அளந்து இணையத்தில் பதியும் கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பு தொடங்கியது. இப்போது அமெரிக்கா, கனடா, பஹாமாஸ் என்று பரவி, பல்லாயிரம் பேர் அளக்கிறார்கள். வானிலை அலுவலகங்களே அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்துகின்றன. மழை இல்லாத நாளிலும் பூச்சியம் என்று பதியச் சொல்லி அவர்கள் விடாமல் நச்சரிப்பார்கள். பதியாத நாளும் மழை பெய்யாத நாளும் ஒன்றில்லையே.

மழைமானி வைத்தவருக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். உங்கள் நீர்வடிப்பகுதி 20 சதுர கிலோமீட்டர் என்றால், 50 மி.மீ. மழை என்பது 100 கோடி லிட்டர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு ஓடி வருகிறது என்ற கேள்வியை அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அரசுத் தரவைப் பார்க்கும் ஆர்வம் அங்கேதான் பிறக்கிறது. தானே அளந்த எண்ணை வைத்திருப்பவர்தான் துறையின் எண்ணைத் தேடிப்போய் ஒப்பிடுவார்.

நீர்மட்டத்துக்கு இதைவிட எளிய வழிகள் உண்டு. 2010-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய கிரவுட்ஹைட்ராலஜி, ஓடைகளில் அளவுகோல் நட்டுப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தது. அந்த வழியே போகிறவர்கள் எண்ணைப் பார்த்துக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். செயலி வேண்டாம், பதிவு வேண்டாம். சூரிக் பல்கலைக்கழகத்தின் கிரவுட்வாட்டர் செயலியில் அளவுகோல்கூட நட வேண்டியதில்லை. பாலத்தூணின் படத்தை எடுத்து அதன்மேல் ஒரு கற்பனை அளவுகோலை ஒட்டிவிட்டால், அடுத்து வருகிறவர் தண்ணீர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று குறிக்கலாம். துல்லியம் குறைவு. ஆனால் வேறு எந்த நிலையமும் இல்லாத கிளையோடைக்கு, பத்துக் கட்டங்களில் ஒன்றைக் குறிப்பதே பெரிய செய்தி.

இப்படிச் சேரும் தரவு யாருடையது என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். கனடாவின் பூர்வகுடி மக்கள் உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என்ற நான்கையும் தங்கள் தரவுக்கு நெறியாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் கதை தெரிந்தால் ஏன் என்று புரியும். ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள், போனார்கள். முடிவு ஊருக்குத் திரும்பவே இல்லை. 2016-இல் அந்நாட்டின் வடக்கே தொடங்கிய மெக்கன்சி டேட்டாஸ்ட்ரீம், சமூகங்கள் எடுக்கும் நீர்த்தரத் தரவை ஒரே வடிவத்தில் ஏற்ற இடம் கொடுத்து, அளந்தவர் பெயரிலேயே வெளியிடுகிறது. கிணற்றுத் தரவில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். யார் தோட்டத்துக் கிணறு வற்றியது, யாருடையதில் கிருமி இருந்தது என்பது நிலத்தின் விலையையும் அக்கம்பக்கத்து உறவையும் தொடும் சமாச்சாரம். வரைபடத்தில் சரியான இடத்தைக் குத்தாமல் ஒரு கிலோமீட்டர் கட்டமாகக் காட்டுங்கள், உரியவரிடம் மட்டும் அவர் எண்ணைக் கொடுங்கள்.

பழைய தரவைப் புதியதுபோல் காட்டுவது பற்றி ஒரு சொந்த அனுபவம். நாங்கள் சிலர் சேர்ந்து செய்த ஒரு பக்கத்தில் ஒரு மழை இரவு முழுவதும் நீர்மட்டக் கோடு நேராக, ஆடாமல் அசையாமல் ஓடியது. எல்லாரும் நிம்மதியாகப் படுத்தோம். காலையில் பார்த்தால் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. உணரி இரவு ஒன்பது மணிக்கே செத்துவிட்டது, எங்கள் நிரல் கடைசி எண்ணையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தது. தப்பு உணரியுடையது இல்லை, எங்களுடையது. அன்றிலிருந்து நான் செய்யும் எந்தப் பக்கத்திலும், கடைசி அளவு ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் எண் மறைந்து, ‘தகவல் வரவில்லை, நேரில் பாருங்கள்’ என்ற வரி மட்டும் நிற்கும். அதோடு, நிகழ்நேரத் தரவு எல்லாமே தற்காலிகமானது. பின்னால் துறை சரிபார்த்துத் திருத்தும். நீங்கள் சேமித்துவைத்த பிரதியையும் அப்போது திருத்த வேண்டும்.

நூறாண்டு வெள்ளம் என்ற சொல்லை உங்கள் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். போன ஆண்டுதானே வந்தது, இனி நூறு ஆண்டுக்கு வராது என்றுதான் மக்கள் படிப்பார்கள். எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு ஒரே வீட்டில் குடியிருந்தால் அதைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைச் சொன்னால் வீடு கட்டுகிறவர் நின்று கேட்பார்.

இனிக் கருவி. இவ்வளவும் தயாரான பின் அது சின்ன வேலைதான். ஒரே ஒரு பக்கம் போதும். மேலே பெரிய எழுத்தில் இப்போதைய மட்டம், அளந்த நேரம், ஏறுகிறதா இறங்குகிறதா, உங்கள் நோட்டின்படி அதற்கு என்ன பொருள். கீழே கடந்த மூன்று நாள் கோடு. வரைபடம் அதற்கும் கீழே, தொட்டால் மட்டும் திறக்கும்படி. இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில் கனமான வரைபடம் திறக்கும் முன்னே ஆள் போய்விடுவார். மழை கொட்டும் நேரத்தில்தான் கைபேசிக் கோபுரமும் மின்சாரமும் போகும், ஆகவே குறுஞ்செய்தி, குரல் அழைப்பு இரண்டும் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவருக்குக் குரல்தான் கதி. இணையப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையையே பெயிண்டால் பாலத்தூணிலும் எழுதுங்கள், எண்ணும் குறிப்பும் அதே இடத்தில். இணையம் இல்லாத இரவில் டார்ச் அடித்துப் பார்க்க அது போதும். செயலி மட்டும் வேண்டாம் என்று சொல்வேன். ஆண்டுக்கு நான்கு நாள் தேவைப்படும் ஒன்றுக்காக யாரும் கைபேசியில் இடம் வைத்திருக்க மாட்டார்கள், ஆண்ட்ராய்டு புதுப்பிக்கும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொண்டிருக்க உங்களிடம் ஆளும் இருக்காது.

எச்சரிக்கை விடுவது உங்கள் வேலை இல்லை என்பதைப் பக்கத்தின் தலையிலேயே எழுதுங்கள். வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரமும் பொறுப்பும் அரசுக்கு. அந்த அறிவிப்பு வரும் இடத்துக்கு இணைப்புக் கொடுங்கள். உங்கள் தொனி சொந்தக்காரர் தொலைபேசியில் சொல்வது போல இருக்கட்டும்: தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, சுற்றி வாருங்கள்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. நிதி இருக்கும்வரை ஓடி, நிதி நின்றதும் செத்துப்போன நீர் டாஷ்போர்டுகள் ஏராளம். கட்டணச் சேவைகளைத் தவிர்த்து, தரவை எந்தக் கணினியிலும் திறக்கும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக வைத்து, நோட்டின் பிரதியை மூன்று பேரிடம் கொடுத்துவையுங்கள். துறை தன் தளத்தை மாற்றினால் உங்கள் நிரல் உடையும், அது கட்டாயம் நடக்கும். அன்று சரிசெய்ய ஒருவர் பெயர் இப்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வருகிற விடுமுறை நாளில் இரண்டு பேர் அளவுகோல் இருக்கும் பாலத்துக்குப் போங்கள். அளவுகோல், படிக்கட்டு, தரைப்பாலம், தாழ்வான வாசல் எல்லாவற்றையும் ஒரே நேரக் குறிப்போடு படமெடுங்கள். அன்றைய எண்ணை நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள், தண்ணீர் எங்குமே ஏறவில்லை என்றாலும் சரி. பிறகு துறை அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அளவுகோலின் பூச்சியம் கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே? அந்த எண் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அது இல்லாமல் நீர்மட்டத்தைத் தரை உயர வரைபடத்தோடு பொருத்த முடியாது, அடுத்த கட்டமாக எந்தத் தெரு நனையும் என்று வரைவதைப் பற்றிப் பேசவும் முடியாது.